லினக்ஸில் வெளி ஹார்ட்டிஸ்க் ஊர்ந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் “டிஸ்க் ரொம்ப ஸ்லோ” என்று கணினிக் கடைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு பருவம் உண்டு. தைப்பூசம் முடிந்த வாரம் ஈப்போ கல்லுமலையில் எடுத்த காவடி வீடியோக்களோடு வருவார்கள். ஆவணி பிறந்தால் கல்யாண ஸ்டூடியோக்காரர்கள். இடையிடையே கோயில் கமிட்டிக் கணக்கு, தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கேள்வித்தாள்கள், தோட்டத்து லயத்து வீட்டில் எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும், பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டவர்கள் இங்கேயும் கூடிவிட்டார்கள். “லினக்ஸ் போட்டதிலிருந்துதான் இப்படி, அண்ணே” என்பார்கள். பெரும்பாலும் லினக்ஸ் மேல் குற்றமில்லை, கேபிள் மேல்தான்.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கருந்திரையில், அதாவது ‘டெர்மினல்’ நிரலில், அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ‘சுடோ’ என்று தொடங்கினால் கடவுச்சொல் கேட்கும்.

## எதையும் தொடும் முன்

டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சீரான ‘உம்ம்’ என்ற சுழற்சி, நடுவில் மெல்லிய கரகரப்பு: சரி, மேலே படிக்கலாம். ‘டிக்... டிக்... டிக்’ என்று தாளம் தப்பாமல் தட்டினாலோ, சுழலத் தொடங்கி நின்று நின்று மறுபடி முயன்றாலோ, வேகத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. உடனே கழற்றிவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள். சாகப்போகிற டிஸ்க்கில் வேகச் சோதனை ஓட்டுவதுபோல் கெடுதல் வேறில்லை.

சத்தம் சரியாக இருந்தால் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற நிரலைத் திறந்து, வெளி டிஸ்க்கைத் தேர்ந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘பெஞ்ச்மார்க்’ போடுங்கள். எழுதும் சோதனைக்கான குறியை எடுத்துவிடுங்கள், படிக்கும் சோதனை போதும். கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க் என்றால் தொடக்கத்தில் விநாடிக்கு 100 முதல் 130 மெகாபைட் வரை வந்து, கோடு போகப் போகச் சரிந்து ஏறத்தாழ பாதியில் முடியும். அந்தச் சரிவு இயல்பானது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே டிஸ்க் 30, 40-லேயே தட்டையாக ஓடினால் அடுத்த தலைப்பு உங்களுக்கானது.

## அறிகுறி 1: எதை நகலெடுத்தாலும் 30–40 மெகாபைட்டைத் தாண்டவில்லை

இது யூஎஸ்பி 2-இன் கையெழுத்து. டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது, கணினியும் நன்றாக இருக்கிறது, இரண்டும் பழைய வேகத்தில் பேசிக்கொள்கின்றன. 500 ஜிபி கல்யாண வீடியோவை நகலெடுக்க நான்கு மணி நேரம் ஆகும். அதுவே யூஎஸ்பி 3-இல் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டியது.

உறுதி செய்ய இதை அடியுங்கள்:

எல்எஸ்யூஎஸ்பி -டி

கிளை கிளையாக ஒரு பட்டியல் வரும். ‘மாஸ் ஸ்டோரேஜ்’ என்று இருக்கும் வரியின் கடைசியைப் பாருங்கள். 5000எம் அல்லது 10000எம் என்றிருந்தால் இணைப்பு சரி, வேறு அறிகுறிக்குப் போங்கள். 480எம் என்றிருந்தால் கீழே உள்ளபடி ஒன்றொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் இதே கட்டளையை மறுபடி அடித்துப் பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்யாதீர்கள், அப்புறம் எது சரிசெய்தது என்று தெரியாது.

கழற்றி, ஒரே மூச்சில் செருகுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நீல நிறத் துளையில் பிளக்கைத் தயங்கித் தயங்கிச் செருகினால் பழைய பின்கள் முதலில் தொட்டு, கணினி அதை யூஎஸ்பி 2 என்றே முடிவு கட்டிவிடும். சட்டென்று முழுதாக அழுத்துங்கள்.

கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் பக்கம் போகும் அகலப் பிளக்கின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரிய பாதி ஒன்று, அதை ஒட்டிச் சின்னப் பாதி ஒன்று, நடுவில் ஒரு பள்ளம். அந்தச் சின்னப் பாதியில் இருக்கும் ஐந்து பின்கள்தான் யூஎஸ்பி 3. பெரிய பாதியில் பழைய கைப்பேசி சார்ஜர் கேபிள் கச்சிதமாக உட்காரும், டிஸ்க்கும் ஓடும், பழைய வேகத்தில். ஒரு ஸ்டூடியோத் தம்பி கொண்டுவந்த டிஸ்க்கில் அப்படித்தான் இருந்தது. அசல் கேபிள் எங்கே என்று கேட்டால், “அது காரில் இருக்குண்ணே, இதுவும் நல்லாத்தான் மாட்டுது” என்றார். மாட்டும்தான். சின்னப் பாதிக்கான துளை காலியாக, உள்ளே ஒரு கோடு தூசியோடு இருந்தது.

டைப்-சி கேபிளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கைப்பேசிப் பெட்டியில் வரும் சார்ஜ் கேபிள்கள் பல யூஎஸ்பி 2-க்கு மேல் போகாதவை. டிஸ்க்கோடு வந்த கேபிளில் ஒரு நிறத் துணியோ டேப்போ கட்டி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாரும் சார்ஜருக்கு எடுத்துப் போகாமல் இருக்கும்.

புதிதாக வாங்கினால் நீளம் குறைந்ததாக வாங்குங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விரித்துப் போட்டிருக்கும் மூன்று மீட்டர் கேபிள் டிஸ்க்குக்கு ஆகாது.

துளையை மாற்றுங்கள். லேப்டாப்பில் பல நேரம் ஒரு பக்கம் மட்டும் யூஎஸ்பி 3 இருக்கும். நீல நாக்கு அல்லது ‘எஸ்எஸ்’ குறி இருக்கும் துளையைத் தேடுங்கள். மேசைக் கணினியில் முன்பக்கத் துளையை நம்பாமல் பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் மாட்டுங்கள். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

துளையைச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பயன்படுத்தாத துளைகளில் பின்கள் மங்கிப்போகும். கணினியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு 480எம்-தான் என்றால், அந்தப் பட்டியலில் எந்த வரியிலாவது 5000எம் இருக்கிறதா பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் லேப்டாப்பிலேயே யூஎஸ்பி 3 கிடையாது. இன்டெல் தன் சிப்செட்டிலேயே அதைச் சேர்த்தது 2012-இல்தான். அதற்கு முந்திய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருக்காது. மேசைக் கணினி என்றால் ஒரு யூஎஸ்பி 3 அட்டை வாங்கிச் செருகலாம், செலவு பெரிதில்லை. லேப்டாப் என்றால் இரவில் நகலெடுக்க விட்டுவிட்டுத் தூங்குங்கள். அதற்காகப் புது டிஸ்க் வாங்காதீர்கள், அதுவும் இதே 35-இல்தான் ஓடும்.

## அறிகுறி 2: வேகமாக ஓடிக் கடைசியில் உறைகிறது, கழற்ற விடமாட்டேன் என்கிறது

நகலெடுக்கும் பட்டை விநாடிக்கு 400 மெகாபைட் என்று காட்டும், சட்டென்று 100 சதவீதம் தொடும், அப்புறம் ஐந்து நிமிடம் அப்படியே நிற்கும். எஜெக்ட் கொடுத்தால் ‘இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்ற செய்தி வரும். பொறுமை இழந்து பிடுங்கினால் கோப்பு பாதியில் போகும்.

டிஸ்க்கில் கோளாறு இல்லை. லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. பட்டை காட்டுவது முதல் வேலையை மட்டும். பார்க்க வேண்டுமானால்:

வாட்ச் கிரெப் டர்ட்டி /பிராக்/மெம்இன்ஃபோ

இதில் ‘டர்ட்டி’ என்பதன் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக அடியுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்து சில நூறு கேபி ஆகும்போது உண்மையான எழுதுதல் முடிந்தது. அவசரம் என்றால் ‘சிங்க்’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். எழுத்து நான்கு: எஸ், ஒய், என், சி. கட்டளை அடிக்கும் வரி மீண்டும் வந்தால் கழற்றலாம்.

8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இப்படித் தேங்குவது ஒரு ஜிபியைத் தாண்டும். மெதுவான டிஸ்க்குக்கு அது அதிகம். நகல் ஓடும்போது உலாவியே திறக்க மறுப்பதும் இதனால்தான். தேக்கத்தைக் குறைக்க /இடிசி/சிஸ்சிடிஎல்.டி/ கோப்புறைக்குள், ‘.கான்ஃப்’ என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு உண்டாக்கி இரண்டு வரி போடுங்கள்:

விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ்=67108864
விஎம்.டர்ட்டி_பைட்ஸ்=268435456

64 எம்பி சேர்ந்ததும் தள்ளத் தொடங்கும், 256 எம்பிக்கு மேல் சேரவிடாது. கணினியை மறுதொடக்கம் செய்தபின் பட்டை மெதுவாகத் தெரியும், ஆனால் பொய் சொல்லாது. மொத்த நேரம் பெரிதாக மாறாது. இதற்கெல்லாம் கடைக்கு வர வேண்டியதில்லை.

## அறிகுறி 3: முதல் சில ஜிபி நன்றாகப் போய், பிறகு 10, 20-க்கு விழுகிறது

இங்கே மூன்று காரணங்கள் ஒரே முகத்தோடு வரும்.

சூடு. டிஸ்க்கைத் தொட்டுப் பாருங்கள். துணி, மெத்தை, இன்னொரு டிஸ்க்கின் முதுகு இவற்றின் மேல் வைத்திருந்தால் எடுத்து, மேசையில் விசிறிக் காற்று படும்படி வையுங்கள். ‘டிஸ்க்ஸ்’ நிரலில் வெப்பம் காட்டினால் 50 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். துத்தநாகக் கூரை வீட்டில் மதியம் இரண்டு மணிக்குப் பெரிய நகல் வேலையைத் தொடங்காமல் இருந்தாலே பாதி தீர்ந்தது.

டிஸ்க்கின் பிறவிக் குணம். இன்று விற்கும் 2.5 அங்குல வெளி டிஸ்க்குகளில் ஏராளமானவை எஸ்எம்ஆர் வகை. தகவல் தடங்கள் கூரை ஓடுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கப்பட்டவை. ஒன்றை மாற்ற அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். டிஸ்க் தனக்குள் ஒரு சின்ன இடத்தில் முதலில் வாங்கி வைத்துக்கொள்கிறது, அது நிரம்பியதும் வேகம் விழுகிறது. எந்தெந்த மாடல்கள் இந்த வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்றும் 2020-இல்தான் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கின. பெட்டியின் மேல் இன்னும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

சோதனை எளிது. வேகம் விழுந்ததும் நகலை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றாமல் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். திரும்பத் தொடங்கும்போது பழைய வேகம் வந்து, மறுபடி விழுந்தால் இதுதான். நகல் இல்லாதபோதும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே அடுக்கிவைக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்காமல் விடுங்கள்.

சரிசெய்ய ஒன்றுமில்லை, பழக்கம்தான் மாற வேண்டும். பெரிய நகல்களை இரவில் போடுங்கள். டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுவது என் வழக்கம். முக்கியமாக, கேடன்லைவ் போன்ற எடிட்டிங் நிரலின் தற்காலிகக் கோப்புகளையும் பிராக்ஸி கோப்புகளையும் (எடிட் செய்ய வைக்கும் சின்ன நகல்கள்) இந்த டிஸ்க்கில் வைக்காதீர்கள், கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு (சுழலும் தகடில்லாத டிஸ்க்) மாற்றுங்கள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி. அதுவும் போதாதென்றால் வெளி எஸ்எஸ்டி வாங்க வேண்டியதுதான். பழைய டிஸ்க் முடிந்த வேலைகளைப் பத்திரப்படுத்த உதவும்.

போலி. எஸ்எஸ்டி என்று வாங்கியதுதான் விழுகிறதா? ‘16 டெராபைட் எஸ்எஸ்டி’ என்று சில பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) இணையச் சந்தையில் வாங்கியது என்றால் மேலே படிக்கவே வேண்டாம், போலிதான். உள்ளே ஒரு மெமரி கார்டும், கொள்ளளவை மிகையாகச் சொல்லும்படி மாற்றிய சிப்பும் இருக்கும். உண்மையான இடம் நிரம்பியதும், ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எழுதும் அல்லது எழுதாமலே ‘ஆச்சு’ என்று சொல்லும். கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சந்தேகம் இருந்தால் ‘எஃப்3’ என்ற தொகுப்பை நிறுவி, காலி டிஸ்க்கில் முதலில் எஃப்3ரைட், பிறகு எஃப்3ரீட் ஓட்டுங்கள். படித்து முடித்து எவ்வளவு தொலைந்தது என்று அதுவே சொல்லும். தொலைந்திருந்தால் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ரிப்பேருக்குக் கொண்டுவராதீர்கள், ரிப்பேர் செய்ய அதில் ஒன்றுமில்லை.

## அறிகுறி 4: டிஸ்க் ஓடும்போது கணினியின் விசிறி அலறுகிறது

நகல் ஓடும்போதே கருந்திரையில் ‘டாப்’ என்று அடித்துப் பாருங்கள். மேல் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் விடை.

‘மவுண்ட்.என்டிஎஃப்எஸ்’ நின்றால்: டிஸ்க் ‘என்டிஎஃப்எஸ்’ என்ற விண்டோஸ் வடிவத்தில் இருக்கிறது, பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி நிரல் வழியாகத் திறக்கப்பட்டிருக்கிறது. வேகமான கணினியில் இது பொருட்டில்லை. பத்து வருட லேப்டாப்பில் புராசஸரையே பிடித்துக்கொள்ளும். ‘ஃபைண்ட்எம்என்டி’ என்று அடித்தால் அந்த டிஸ்க்கின் வரியில் ‘ஃபியூஸ்பிஎல்கே’ என்றிருக்கும்.

லினக்ஸின் மையக்கருவான கர்னல் 5.15-இலிருந்து, அதாவது 2021 முதல், ‘என்டிஎஃப்எஸ்3’ என்று வேகமான இன்னொரு வழி கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ‘யுநேம் -ஆர்’ அடித்துப் பதிப்பைப் பார்த்துக்கொண்டு, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, இப்படி ஏற்றுங்கள்:

சுடோ மவுண்ட் -டி என்டிஎஃப்எஸ்3 /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி

எஸ்டிபி1 என்பது என் கணினியில் வரும் பெயர். உங்களுடையதை ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையில் கொள்ளளவு பார்த்து உறுதி செய்யுங்கள். ஏற்றமாட்டேன் என்று மறுத்தாலோ, படிக்க மட்டும் விட்டாலோ விண்டோஸில் சரியாக மூடாமல் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வலுக்கட்டாயமாகத் திறக்காதீர்கள். விண்டோஸ் கணினி ஒன்றில் மாட்டி, டிஸ்க்கைச் சரிபார்க்கும் ‘சிஎச்கேடிஎஸ்கே’ ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்து கொண்டுவாருங்கள். லினக்ஸில் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில அடிப்படைப் பிழைகளை மட்டும் சரிசெய்யும், உள் காயத்தை முழுதாக ஆற்றாது.

நிலையான தீர்வு வடிவத்தையே மாற்றுவது. லினக்ஸில் மட்டும் மாட்டுவீர்கள் என்றால் ‘எக்ஸ்ட்4’. வாடிக்கையாளரின் விண்டோஸிலும் மாட்ட வேண்டுமென்றால் ‘எக்ஸ்ஃபேட்’, ஆனால் எழுதும்போது கரண்ட் போனால் எக்ஸ்ஃபேட் எளிதில் அடிபடும். மாலை மாலைக்கு இடி இடித்து சுவிட்ச் விழுகிற ஊரில் இதை யோசிக்க வேண்டும். வடிவம் மாற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சிறுபடம் தயாரிப்பவரோ ‘டிராக்கர்’, ‘பாலூ’ போன்ற தேடல் உதவியாளரோ நின்றால்: ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்ததும் ஒவ்வொன்றையும் படிக்கத் தொடங்கிவிடும். கோப்பு மேலாளரின் விருப்பங்களில் சிறுபடக் காட்சியை நிறுத்துங்கள், தேடல் பட்டியலிலிருந்து வெளி டிஸ்க்கை நீக்குங்கள்.

டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால்: ‘கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்’ ஓட்டி ஏஇஎஸ் வரிகளைப் பாருங்கள். விநாடிக்கு நூற்றுச் சொச்சம் மெகாபைட்தான் வருகிறது என்றால் உங்கள் பழைய புராசஸரின் எல்லை அதுதான். அதை மாற்ற வழி கிடையாது.

## அறிகுறி 5: பெரிய வீடியோ பறக்கிறது, சின்னக் கோப்புகள் நகரவில்லை

இது நோயே இல்லை. சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் தகட்டைப் படிக்கும் முள் இடம் மாறிப் போய் வர வேண்டும். பள்ளி ஆவணங்கள் 50,000 இருந்தால் விநாடிக்கு ஒன்றிரண்டு மெகாபைட் என்பது சாதாரணம். அடிக்கடி திறக்காதவற்றை வருட வாரியாக ஒரே ‘டார்’ கோப்பாகக் கட்டி அனுப்புங்கள். தினசரி நகலுக்கு ‘ஆர்சிங்க்’ பயன்படுத்துங்கள், மாறியதை மட்டும் எடுக்கும். முடிந்தது.

## அறிகுறி 6: நன்றாக ஓடி, திடீரென அரை நிமிடம் உறைந்து, மறுபடி ஓடுகிறது

கவனமாக இருக்க வேண்டிய அறிகுறி இது. சாதாரணக் கேபிள் கோளாறும், டிஸ்க்கின் சாவும் இதே மாதிரிதான் தொடங்கும். ஏறத்தாழ 30 விநாடி என்பது டிஸ்க்கின் பதிலுக்குக் கர்னல் காத்திருந்து கைவிடும் நேரம்.

வெகு நேரம் சும்மா இருந்தபின் முதல் தொடுதலுக்கு மட்டும் ஐந்தாறு விநாடி தாமதம் என்றால் அது வேறு. டிஸ்க் தூங்கி எழுகிறது, விட்டுவிடுங்கள்.

ஒரு கருந்திரையில் இதை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் நகலைத் தொடங்குங்கள்:

சுடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ

உறையும்போது என்ன வரி விழுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும். அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

### ‘ரீசெட் சூப்பர்ஸ்பீட்’ அல்லது ‘யூஏஎஸ்... அபார்ட்’ என்று வந்தால்

இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டுகிறது. முதலில் கேபிள், பிறகு துளை.

அதற்கடுத்து மின்சாரம். யூஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியரும் யூஎஸ்பி 3 துளை 900-மும்தான் தருவதற்குக் கடமைப்பட்டவை. பழைய லேப்டாப்பில் இரண்டு டிஸ்க் மாட்டினால் ஒன்று தடுமாறும். தனியாக மின்சாரம் எடுக்கும் ஹப் ஒன்று இதைத் தீர்க்கும். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருக்கும், பெரும்பாலும் 12 வோல்ட். இடி மின்னலில் முதலில் அடிபடுவது அதுதான். மாற்றும்போது வோல்ட்டும் முனை எதிர்-நேர் அமைப்பும் அதேயாகவும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாகவும் இருக்க வேண்டும். பிளக் நுழைகிறதே என்று ரவுட்டர் அடாப்டரை மாட்டாதீர்கள், பலகை புகைந்துவிடும்.

கேபிள், துளை, மின்சாரம் மூன்றும் சரி, இன்னும் அதே வரிகள் என்றால், டிஸ்க்கின் யூஎஸ்பி சிப்புக்கும் லினக்ஸின் யூஏஎஸ் முறைக்கும் (யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை) ஒத்துப்போகவில்லை. சில மலிவான பெட்டிகளில் இது சகஜம். ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று மட்டும் அடித்தால் உங்கள் டிஸ்க்கின் வரியில், நடுவில் முக்காற்புள்ளியோடு நான்கும் நான்குமாக எட்டு எழுத்து அடையாளம் இருக்கும். /இடிசி/மாட்ப்ரோப்.டி/ கோப்புறையில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பில் இந்த வரியை எழுதுங்கள்:

ஆப்ஷன்ஸ் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்=அடையாளம்:யு

பிறகு மின்ட், உபுண்டு, டெபியனில் ‘சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்டி, மறுதொடக்கம். ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’யில் டிரைவர் என்ற இடத்தில் யூஏஎஸ் போய் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் வந்திருந்தால் பிடித்துக்கொண்டது. உச்ச வேகம் சற்றுக் குறையலாம். உறையாமல் ஓடுகிறதே, அது போதும்.

### ‘ஐ/ஓ எரர்... செக்டர்’ அல்லது ‘மீடியம் எரர்’ என்று வந்தால்

நகலை நிறுத்துங்கள். தகட்டில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. உடல்நிலை அறிக்கையை ஒரு முறை மட்டும் எடுக்கலாம் (எஸ்டிபி என்ற இடத்தில், ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளை காட்டும் உங்கள் டிஸ்க்கின் பெயரைப் போடுங்கள்):

சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ -டி சாட் /டெவ்/எஸ்டிபி

பட்டியலில் நான்கு எண்களை மட்டும் தேடி, வரியின் கடைசியில் உள்ள மதிப்பைப் பாருங்கள். 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 மட்டும் கூடியிருந்தால் பெட்டிக்குள் டிஸ்க்குக்கும் சிப்புக்கும் இடையிலான தொடர்பில் கோளாறு. டிஸ்க் தனியாகக் கழலும் வகை என்றால் வேறு பெட்டி வாங்கி மாட்டிப் பார்க்கலாம். சில கையடக்க டிஸ்க்குகளில் யூஎஸ்பி துளை டிஸ்க்கின் பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கும், அவற்றைப் பிரிக்க முயலாதீர்கள்.

197-இலோ 198-இலோ எண் நின்றால், உள்ளே இருப்பதில் முக்கியமானதை முதலில், சின்னதை முதலில், வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். கல்யாண வீடியோவுக்கு முன் கணக்கும் கடிதமும். எஃப்எஸ்சிகே, சிஎச்கேடிஎஸ்கே போன்ற சரிபார்க்கும் கட்டளை எதுவும் இப்போது வேண்டாம், அவை நொந்த டிஸ்க்கை மேலும் ஓடவிட்டு, இருக்கும் கோப்புப் பட்டியலையும் கலைக்கும். முழு டிஸ்க்கையும் காப்பாற்ற வேண்டுமென்றால் ‘ஜிடிடிரெஸ்க்யூ’ தொகுப்பை நிறுவி, டிஸ்க்கைவிடப் பெரிய இன்னொன்றில் பிம்பம் (முழு டிஸ்க்கின் அச்சு நகல்) எடுக்கலாம்:

சுடோ டிடிரெஸ்க்யூ -என் /டெவ்/எஸ்டிபி பிம்பம்.இமேஜ் பிம்பம்.மேப்

இரண்டு கோப்புகளும் நல்ல டிஸ்க்கில்தான் போய் விழ வேண்டும். நடுவில் நின்றாலும் மேப் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு மீட்பு வேலையெல்லாம் பிம்பத்தில், அசலில் கை வைக்கக் கூடாது. இதை நீங்களே செய்வது, போனால் போகட்டும் என்ற தகவலுக்கு மட்டும்.

## அறிகுறி 7: தட்டும் சத்தம், அல்லது கணினிக்கு டிஸ்க் அரைகுறையாகத் தெரிகிறது

வேறு கேபிள், வேறு துளை என்று ஒரே ஒரு முறை பாருங்கள். மின்சாரம் போதாத டிஸ்க்கும் தட்டும் என்பதால்தான் அந்த ஒரு முறை. மாறவில்லையா, மறுபடி மாட்டாதீர்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் முள் தகட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம்.

ஐஸ்பெட்டியில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்த நொடியே உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூடியைத் திருப்புளியால் திறந்து பார்ப்பதும் அப்படியே. தகடு ஒரு முறை அறைக் காற்றைப் பார்த்துவிட்டால் மீட்பவரின் வேலை இரட்டிப்பாகிறது, கட்டணமும்தான்.

ஈப்போவிலோ இங்கேயோ இருக்கும் சாதாரணக் கணினிக் கடையால் இதற்கு மேல் முடியாது. தூசியில்லா அறையில் வைத்து முள்ளை மாற்றும் மீட்பு நிலையங்களுக்குப் பெரும்பாலும் கோலாலம்பூர்ப் பக்கம்தான் போக வேண்டும். கட்டணம் நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கான வெள்ளிவரை போகும். அதனால் கொடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்: உள்ளே இருப்பதில் வேறெங்கும் இல்லாதது எது? கல்யாண வீடியோவின் ஒரு நகல் மாப்பிள்ளை வீட்டில் இருக்கலாம். கோயில் கணக்கு, கிராணியின் (எழுத்தரின்) மின்னஞ்சலில் இருக்கலாம். தாத்தாவின் ஸ்கேன் படங்களுக்கு அசல் படங்கள் இன்னும் ஆல்பத்திலேயே ஒட்டியிருக்கலாம்.

கொடுப்பதென்று முடிவானால் முன்கூட்டியே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பரிசோதனைக்கு மட்டும் எவ்வளவு? தகவல் வராவிட்டால் கட்டணம் உண்டா? மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவார்களா?

கொண்டுபோகும்போது டிஸ்க்கை உறையோடு நுரைத்தாளில் சுற்றி, அதன் அசல் கேபிளும் அடாப்டரும், பூட்டியிருந்தால் கடவுச்சொல்லும், டிஎம்இஎஸ்ஜி திரையின் படமும் சேர்த்துக் கொடுங்கள். கீழே விழுந்ததா, இடி விழுந்த அன்று மாட்டியிருந்ததா, ஏற்கெனவே எந்தக் கட்டளை ஓட்டினீர்கள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் மட்டும் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.